கெங்கப்ப நாயக்கரைப் பெற்றவன்

கெங்கப்ப நாயக்கர் என்று ஓர் அரசர் இருந்ததே இல்லை. அவரை உண்டாக்கியவன் நான். ஒரு மைக்கின் முன்னால் நின்றபடி, கையில் ஒரு துண்டுக் குறிப்புகூட இல்லாமல், ஒரே மூச்சில் அவரைப் பெற்று, பேர் வைத்து, பட்டமும் கட்டினேன்.

மேடையில் யார்தான் புளுகவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். சரிதான். குற்றம் அதற்குப் பிறகு வருகிறது. நான் பெற்ற அரசரை நம்பி ஒரு பெண் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதினாள். அந்த ஆய்வேட்டைச் சோதிக்க என்னையே அழைத்தார்கள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, கையெழுத்துப் போட்டேன்.

இதைச் சொல்லத்தான் வந்தேன். ஏற்கெனவே ஒருமுறை பலர் முன்னால் சொல்லிப் பார்த்தேன், எல்லாரும் சிரித்தார்கள். அதனால் இப்போது எழுதுகிறேன். எழுத்தில் என் முகம் தெரியாது. என் முகம்தான் எப்போதும் காரியத்தைக் கெடுக்கிறது. செத்த வீட்டுக்குப் போனாலும், இவன் இதோ ஏதோ சொல்லப் போகிறான் என்று நாலு பேர் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு முகம்.

என் தொழில் அரசர்கள். வீடு கோலார் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸில். பிழைப்பு பெங்களூரில், ஒரு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியன். நாயக்கர் காலத்துச் சிற்றரசர்கள் எப்படி அரசர்கள் ஆனார்கள் என்பது என் ஆராய்ச்சி. விஜயநகரம் விழுந்த பிறகு, ஒரு மண்கோட்டையும் சில குதிரைகளும் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ராஜாவாக ஆசை வந்தது. ஆசை இருந்தால் போதுமா? முன்னோர்கள் வேண்டாமா? புலவரைக் கூப்பிட்டு, இலை போட்டு, வம்சாவளி எழுதச் சொன்னார்கள். சாப்பாடு எந்த அளவுக்கு ருசியோ அந்த அளவுக்கு வம்சம் நீண்டது. நெய் ஊற்றியவர்களுக்குச் சூரியன் வரைக்கும் போயிற்று.

இந்தப் போலி வம்சாவளிகளைக் கேலி செய்து நான் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறேன். நாலு பேர் பாராட்டிய புத்தகம். ஒரு கதை கட்டுக்கதையா இல்லையா என்று எப்படி மோப்பம் பிடிப்பது என வகுப்பில் சொல்லித் தருவேன். கேட்பவன் எதைக் கேட்க ஏங்குகிறானோ அதையே ஒரு கதை சொன்னால் சந்தேகப்படுங்கள். சாட்சி ஒரே ஒருவன் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நான் மேசைமேல் ஒரு காலைத் தூக்கி வைக்காத குறையாக நின்றுகொண்டிருப்பேன்.

ஊரில் எனக்கு ராஜா வாத்தியார் என்று பேர். பெங்களூர் போகும் காலை ரயிலில் சீட்டாடும் கும்பல் எனக்கு இடம் போட்டு வைக்கும்.

“இன்னா வாத்தியாரே, இன்னிக்கு எந்த ராஜா அவுட்டு?”

தினம் ஒருவரைச் சாகடிப்பேன். விஷத்தில் ஒருவர், யானை மிதித்து ஒருவர், தம்பி கையால் ஒருவர். பங்காரப்பேட்டை வருவதற்குள் அவருக்குக் கருமாதியும் முடிந்துவிடும். பெட்டியே சிரிக்கும். சிரிப்புக்குப் பழகிய நாக்கு எனக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது... இது சாக்கு இல்லை. வியாதியின் பெயர்.

எங்கள் சுரங்க ஊரின் இன்னொரு பகுதியான கோரமண்டலில் ஒரு விளையாட்டு கிளப்பின் ஆண்டு விழா. வரவேண்டிய சிறப்பு விருந்தினர் வரவில்லை. கிளப் செயலாளர் பாபு என்னை ரயிலடியில் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டான். நானும் கொடுத்த மிக்சரைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு முன்னால் பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் பேசினார். கெட்டவர் இல்லை, கணீரென்று பேசினார். “வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இந்த ஊருக்குச் சரித்திரமே கிடையாது. உங்கள் தாத்தாக்களை அவன்தான் வட ஆற்காட்டிலிருந்து மூட்டை மாதிரி ஏற்றிவந்து இங்கே இறக்கினான். அந்த நன்றியை மறக்கக் கூடாது” என்றார்.

முன்வரிசையில் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேய்த்த வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. எங்கள் லைன் வீட்டு வரிசையில் இருக்கும் டேனியல் அண்ணன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலிப காலம் முழுவதையும் பூமிக்கு அடியில் கழித்தவர். நெஞ்சில் பாறைத் தூசி அடைந்து, ஒரு வாக்கியம் பேச மூன்று தடவை மூச்சு வாங்குகிறவர். அந்தத் தலை குனிந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து என் பேரைக் கூப்பிட்டார்கள்.

என் பீதியைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அது என்னோடு குடியிருக்கும் தனி ஜீவன். எனக்கு முன்பே எழுந்து, பல் துலக்கி, எனக்காக வாசலில் காத்திருக்கும். நான் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே அது பிடித்துவிட்டது. சொல்வதற்கு உண்மை இல்லாமல் இல்லை. பஞ்சத்தில் நடந்து வந்தவர்கள் இந்தப் பாறைமேல் கோயிலும் சர்ச்சும் சங்கமும் பள்ளிக்கூடமும் கட்டிய கதை எனக்கு நன்றாகத் தெரியும். அது போதும். யாருக்கும் போதும். ஆனால் அதற்குக் கைதட்டல் மெதுவாகத்தான் வரும். எனக்கு உடனே வேண்டியிருந்தது!

“ஐயா சொன்னது தப்பு” என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த பிறகு ஒரு பெயர் தேவைப்பட்டது. எதிரே ஸ்பீக்கர் பெட்டியில் ‘கெங்கப்பா சவுண்ட்ஸ்’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது. ஆயிற்று. கெங்கப்ப நாயக்கர்.

வெள்ளைக்காரன் பிறப்பதற்கு முன்பே இந்த மண்ணில் பொன் இருப்பதை அறிந்த கெங்கப்ப நாயக்கர், வேலூர்ப் பக்கத்திலிருந்து ஆட்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார் என்றேன். அவர்கள் குழிக்குள் இறங்குமுன் அரசர் ஆசனத்தை விட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து, பித்தளைத் தாம்பாளத்தில் அவர்களுடைய கால்களைத் தன் கையால் கழுவினார் என்றேன். பூமிமேல் உட்கார்ந்திருப்பவனைவிட பூமிக்குள் போகிறவன் பெரியவன் என்று அவர் சொன்னதாகவும் சொன்னேன். ஒரு ராஜாவுக்கு இவ்வளவு நல்ல வசனம் நானே எழுதியிருக்கிறேன் என்று அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

பின்வரிசையிலிருந்து யாரோ, “ஆதாரம் கீதா வாத்தியாரே?” என்று கத்தினார்கள்.

“செப்பேட்டுல இருக்கு. நானே பார்த்தேன்.”

நானே பார்த்தேன்... என் தொழிலில் இதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. நாயக்கர்களுக்குக் கதை கட்டிய புலவர்கள்கூட இவ்வளவு தூரம் போனதில்லை. அவர்கள் பழியைப் பிரம்மாவின் தலையில் போட்டார்கள்.

அந்தக் கால் கழுவும் காட்சி எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு யோசித்தேன். நாயக்கர்கள் ஆண்ட அதே காலத்தில் ஐரோப்பாவில் சில அரசர்கள் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று ஏழைகளின் கால்களைக் கழுவியதுண்டு. அதை நூலகத்தில் படித்திருக்கிறேன். அதற்கும் முன்னால், பள்ளிக்கூட நாட்களில், கத்தோலிக்க நண்பன் ஒருவனோடு அவன் சர்ச்சுக்குப் போய், சாமியார் மண்டியிட்டுச் சுரங்கத் தொழிலாளிகளின் கால்களைக் கழுவுவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி, மேலே ஒரு நாயக்கர் தலைப்பாகையை வைத்தேன். நான் படித்த நாயக்கர் ஆவணம் எதிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

கைதட்டினார்கள். முன்வரிசை எழுந்து நின்றது. டேனியல் அண்ணன் மூச்சு வாங்க மேடையேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க நைனா இது தெரியாமயே பூட்டாரு, வாத்தியாரே.”

அங்கேயே, அந்தக் கை என் கைக்குள் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு: “நீங்க தெரிஞ்சிகினீங்க இல்ல, அது போதும்ணே.”

கிளப் அந்தப் பேச்சை விழா மலரில் அச்சடித்தது. மறுவருடமே கோரமண்டல் மைதானத்தில் கால் கழுவும் விழா ஆரம்பித்துவிட்டது. ஜரிகைத் தலைப்பாகை கட்டி ஒருவர் நாயக்கராக வருவார். ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கால் கழுவுவார். முதல் கால் டேனியல் அண்ணனுடையது. போட்டோ எடுத்தார்கள்; அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். எனக்கு வருடந்தோறும் விழா நாளில் மட்டும் காய்ச்சல் வரும். டாக்டர்கள் அந்த நோய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

டேனியல் அண்ணனின் மகள் ஹெப்சி. கல்லூரிக்குப் போகும் காலத்திலேயே எங்கள் பெட்டியில் வருவாள். நான் ராஜாக்களைச் சாகடிக்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள்; இவள் மட்டும், “இது எந்தப் புஸ்தகத்துல சார் இருக்கு?” என்று கேட்பாள். வரலாறு படித்தாள். வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். சுரங்கத்து மக்கள் பழைய அரசர்களை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்பது தலைப்பு.

ஒருநாள் ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“சார், அந்தச் செப்பேட்ட நான் ஒரு தபா பாக்கலாமா?”

நன்றாகக் கவனியுங்கள். அவள் கேட்டாள். ஓர் ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டியதை, கேட்க வேண்டிய ஆளிடம், நேரடியாகக் கேட்டாள்.

“ஒரு குடும்பத்துகிட்ட இருக்கும்மா. வெளி ஆளுங்களுக்குக் காட்ட மாட்டாங்க. நான்தான் பார்த்திருக்கேன் இல்ல, என் பேரப் போட்டுக்கோ.”

முதல் பொய் மேடையில் தவறி விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். இது அப்படி இல்லை. இதை உட்கார்ந்த இடத்தில், ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு, நிதானமாகச் சொன்னேன்.

பிறகு ஒருநாள் ஆய்வேடு என் வீட்டுக்கு வந்தது. புறத் தேர்வாளர் நான். மூன்றாம் அத்தியாயம் முழுக்க கெங்கப்ப நாயக்கர். தொடக்கமே அவள் அப்பாவின் கால் கழுவும் போட்டோ. நல்ல எழுத்து, என் எழுத்தைவிட நல்ல எழுத்து. அடிக்குறிப்பைப் பார்த்தேன். செப்பேடு தனியார் வசம். நேரில் கண்டவர் பேராசிரியர் இன்னார். இன்னார் என்ற இடத்தில் என் பெயர். எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது. “இன்னா தேடுறீங்க?” என்று மனைவி கேட்டாள். “தயிர்” என்றேன். தயிர் என் கையில்தான் இருந்தது.

வாய்மொழித் தேர்வு நாள். ஹெப்சி மைசூர் பட்டுப் புடவையில் நின்றாள். கடைசி பெஞ்சில் டேனியல் அண்ணன் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தபோதெல்லாம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். மகளுடைய பேச்சில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்று.

தேர்வுக் குழுத் தலைவர் என்னைப் பார்த்து, “மூன்றாம் அத்தியாயத்தின் காலத்துக்கு நீங்கள்தான் நிபுணர். கேளுங்கள்” என்றார்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. அந்தச் செப்பேடு எங்கே? எந்தத் தேர்வாளனும் கேட்பான். கேட்டிருந்தால் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, நீங்கள்தானே சார் பார்த்தீர்கள் என்றிருப்பாள். வேறு எந்தத் தேர்வாளர் வந்திருந்தாலும் அந்த அத்தியாயம் அங்கேயே விழுந்திருக்கும். சாட்சியையே கூட்டி வந்து நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நீதிபதி என்ன செய்வான்?

“இந்த ஆய்வை மேற்கொண்டு எப்படி வளர்க்கப் போறீங்க?” என்று கேட்டேன். ஒன்றும் படிக்காமல் வரும் தேர்வாளர்கள் கேட்கும் கேள்வி அது. எல்லா வரியும் படித்துவிட்டுக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

கையெழுத்துப் போட்டேன். டேனியல் அண்ணன் லட்டு கொடுத்தார். தின்றேன். இன்னொன்று வைத்தார். அதையும் தின்றேன்.

ஏன் வாய் திறக்கவில்லை? அவளுடைய பட்டம் கெட்டுவிடக் கூடாது என்றுதான் எனக்கு நானே வெகுகாலம் சொல்லிவந்தேன். எவ்வளவு உத்தமமான காரணம்! கிட்டப் போய் முகர்ந்து பார்த்தால் வேறு வாடை வரும். போலிகளைக் கேலி செய்து பேர் வாங்கியவன் போலி என்று தெரிந்தால் என் புத்தகம் என்ன ஆகும், ரயிலில் எனக்கு யார் இடம் போடுவார்கள்... அவ்வளவுதான் காரணம். உள்ளே வேறு எதுவும் இல்லை. தோண்டிப் பார்த்துவிட்டேன்.

ஹெப்சி ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர் ஆனாள். வருடா வருடம் வேலை இருக்குமா என்று காத்திருக்கும் உத்தியோகம். இந்த வருடம் ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடத்துக்கு நேர்காணல் வந்தது. போனில் கூப்பிட்டாள், நான் ரயிலில் இருந்தேன்.

“சார், பேனல்ல ஒருத்தர் என் தீசிஸ முழுசா படிச்சிருக்காரு. வரும்போது அந்தச் செப்பேட்டோட படி கொண்டாங்கன்னு சொல்லியிருக்காரு. அந்த வீட்டுக்காரங்ககிட்ட நீங்க ஒரு வார்த்த பேசுனா போதும். போட்டோ எடுத்துக்குனு வந்துடுவேன்.”

“பாக்கறேம்மா” என்றேன்.

போனை வைத்ததும் என் பீதி சட்டைக் கையை மடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தது. அந்தக் குடும்பம் துபாய்க்குப் போய்விட்டது என்று சொல்லலாமா? வெள்ளம்? கோலார்ப் பக்கம் வெள்ளம் வந்தது என்று சொன்னால் வறண்டு கிடக்கும் ஏரியே சிரிக்கும். எலி தின்றுவிட்டது? செம்பைத் தின்னும் எலிக்கு முதலில் ஆதாரம் கேட்பார்கள். உருக்கி அண்டா செய்துவிட்டார்கள்... இது பரவாயில்லை போலிருந்தது.

அப்புறம் ஒன்று தோன்றியது. எழுதக் கூசுகிறது. ஒரு செப்பேட்டைச் செய்தே விட்டால் என்ன? எந்த மங்கல வாழ்த்தில் ஆரம்பிக்க வேண்டும், எழுத்து எப்படிச் சாய வேண்டும், பச்சைக் களிம்பு எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியாதது இல்லை. அரைநாள் முழுக்க மனசுக்குள் அதை வெட்டிப் பார்த்தேன். அழகாக வந்தது. அழகாக வந்ததைப் பார்த்துத்தான் பயந்தேன். இதுவரை நான் பட்ட பயமெல்லாம் விளையாட்டு. இது நிஜப் பயம்.

அந்த இடத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன். சொல்லிவிடுவது. எது போனாலும் சொல்லிவிடுவது.

முடிவு சரி, வழியில் கோழைத்தனம் செய்தேன். அந்த வாரமே கால் கழுவும் விழா. ஹெப்சியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட ஊருக்கே மைக்கில் சொல்வது சுலபமாகத் தெரிந்தது. இந்தத் தடவை காய்ச்சல் இல்லை என்று பாபுவிடம் சொன்னேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“வாத்தியாரே, அப்படின்னா இந்த வருஷம் நீங்கதான் ராஜா.”

வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் தலையில் ஜரிகையைச் சுற்றிவிட்டார்கள். நாற்காலியில் ஒரு பெரியவர் வேட்டியை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு காலைத் தாம்பாளத்தில் வைத்தாயிற்று. நான் நேரே மைக்குக்குப் போனேன்.

“கெங்கப்ப நாயக்கர்னு யாருமே இல்ல. நான் கட்டுன கத. செப்பேடும் இல்ல. நான் எதையும் பாக்கல.”

முன்வரிசையில் ஒருவர், “வாத்தியார் ஆரம்பிச்சிட்டாருப்பா” என்றார். மைதானம் சிரித்தது.

“சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.”

இன்னும் சிரித்தது. தலைப்பாகை கட்டிக்கொண்டு, ராஜாவே இல்லை என்று கதறும் ராஜா; வேறு யாராவது அப்படி நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சத்தியம் செய்தேன், விசில் அடித்தார்கள். தலைப்பாகையைக் கழற்றினேன், கைதட்டினார்கள். பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டே, “இன்னா ஆக்டிங் வாத்தியாரே, வருஷா வருஷம் உங்களையே போட்டிருக்கணும்” என்றான்.

தாம்பாளத்தில் கால் வைத்திருந்த பெரியவர், “சீக்கிரம் ஆவட்டும் சார், தண்ணி சில்லுனு கீது” என்றார்.

தலைப்பாகையை நாற்காலிமேல் வைத்துவிட்டு இறங்கினேன். நான் கேட்டை எட்டுவதற்குள் பாபு அதை எடுத்துக் கட்டிக்கொண்டு கால் கழுவ ஆரம்பித்திருந்தான். ஓர் அரசன் போனால் ஒரு நாழிகைகூட அரியணை காலியாக இருக்காது என்று என் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். நாழிகை என்பது அதிகம்.

கேட்டுக்குப் பக்கத்தில் டேனியல் அண்ணனோடு ஹெப்சி நின்றிருந்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். போக வேண்டிய இடம் ஆரம்பத்திலிருந்தே அதுதான்.

“வாங்க வாத்தியாரே. நேத்து செம காமெடி போங்க” என்றார் டேனியல் அண்ணன்.

“அது காமெடி இல்லண்ணே.”

அவர் மூச்சு வாங்கினார். ஹெப்சியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெசமாவா?”

“நெசம்.”

சுவரில் அந்தப் போட்டோ. யாரோ ஒரு தலைப்பாகை குனிந்திருக்கிறது. அண்ணனின் கால் அந்தக் கைகளில் இருக்கிறது. அவர் அண்ணாந்து எங்கோ மேலே பார்க்கிறார். ஷாஃப்ட் குழியிலிருந்து கேஜ் என்னும் கூண்டில் ஏறி வெளியே வருகிறவர்கள் வெளிச்சத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அண்ணன் அந்தப் போட்டோவுக்குக் கிட்டே போனார்.

“அத்த எறக்கணுமா வேணாமா? அது மட்டும் சொல்லு.”

அவர் இதுவரை என்னிடம் ஒருமையில் பேசியதில்லை. ஆராய்ச்சியில் இத்தனை காலம் கழித்தவன். உண்மை எது பொய் எது என்று பிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். போட்டோவைத் தாங்கிய ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நைனா, நீங்க உள்ள போய் மாத்திர சாப்பிடுங்க” என்றாள் ஹெப்சி. அவர் போனார். சுவரைப் பிடித்துக்கொண்டே போனார்.

“நான் கேட்டேன் சார்” என்றாள். “ரயில்ல. உங்க பக்கத்துல உக்காந்து கேட்டேன்.”

“ஆமாம்மா, கேட்ட.”

“வைவால நீங்க ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். அந்த அத்தியாயத்த எடுத்துட்டு மறுபடி எழுதிக் குடுத்திருப்பேன். மத்த அத்தியாயம் எல்லாம் நெசம். நானே வீடு வீடாப் போய் கேட்டு எழுதுனது. இப்போ அதையும் யாரும் நம்ப மாட்டாங்க.”

“அன்னிக்கு உன் பட்டம் கெட்டுடுமோன்னு...”

“வேணாம் சார். என்னக் காப்பாத்துனீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க.”

சொல்லவில்லை. பேனலுக்கு நானே எழுதுகிறேன், பல்கலைக்கழகத்துக்கும் எழுதுகிறேன் என்றேன்.

“எழுதுங்க. அது உங்க வேல. அங்க போய் சொல்லவேண்டியத நான் சொல்லிக்கறேன். உங்க பேரும் சொல்லுவேன்.”

“சொல்லும்மா.”

எழுந்தேன். அங்கேயாவது வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். உதவி செய்யும் உற்சாகம் எனக்குள் எங்கிருந்தோ முளைத்தது. “இல்லாத ராஜா ஒருத்தர் எப்படி ஊருக்குள்ள வந்தாருன்னே ஒரு புது அத்தியாயம் எழுதலாமே, பிரமாதமா வரும்” என்றேன்.

“உங்களப் பத்தி நான் இன்னாத்துக்கு சார் எழுதணும்?”

அவள் குரலை உயர்த்தவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டு கடிதங்களையும் அன்றே அனுப்பினேன். நேர்காணலில் அவள் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, என் மூன்றாம் அத்தியாயம் நிற்காது என்று தானே சொல்லியிருக்கிறாள். அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்களாம். மற்ற அத்தியாயங்களைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவளுடைய பட்டத்தை என்ன செய்வது என்று பல்கலைக்கழகம் இன்னும் ஆலோசிக்கிறது. என்னைத் தேர்வாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். என் கல்லூரி விளக்கம் கேட்டிருக்கிறது. விளக்கம் கொடுத்தேன். அதில் ஒரு ஜோக்கும் இல்லை. எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா!

ரயிலில் சீட்டாட்டக்காரர்கள் இன்னும் இடம் போட்டு வைக்கிறார்கள். நேற்றுகூட ஒருவர், “நாயக்கர் சௌக்கியமா வாத்தியாரே?” என்று கண்ணடித்தார். நான் நடித்தேன் என்றே அவர்கள் நம்புகிறார்கள். தினமும் ஒருவரிடமாவது இல்லை என்று சொல்கிறேன். தினமும் சிரிக்கிறார்கள். நாளையும் சொல்வேன். நான் மேடையில் விட்ட பொய் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்து ஆளாகிவிட்டது. அப்பன் சொன்னால் கேட்கிற வயசைத் தாண்டிவிட்டது. அதற்காக அப்பன் சும்மா இருக்க முடியாது. அடுத்த வருடம் அந்த மைதானத்துக்குப் போவேன். தலைப்பாகை இல்லாமல் போவேன்.

ஹெப்சி இப்போது வேறு பெட்டியில் ஏறுகிறாள். அந்தப் போட்டோ இன்னும் சுவரில் இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளுக்கு அனுப்பிவைத்தேன். பெயர்களை மாற்றட்டுமா என்று கேட்டிருந்தேன். “மாத்தாதீங்க. மாத்துனா இதுவும் ஒரு கத ஆயிடும்” என்று பதில் வந்தது. இரண்டு இடங்களில் நான் அவளைப் பற்றி உருகி எழுதியிருந்ததை அடித்திருந்தாள். எடுத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு பத்தி இருந்தது. அவளிடமும் அண்ணனிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதியது. பல தடவை திருத்தி, நன்றாக வந்திருக்கிறது என்று நானே நினைத்த பத்தி. அதன் ஓரத்தில், “இத எடுத்துடுங்க சார். மத்தது இருக்கட்டும்” என்று எழுதியிருந்தாள்.

எடுத்துவிட்டேன். அது இந்த இடத்தில்தான் இருந்தது.